8 விநாடியில் நிரம்ப வேண்டிய வாளி

"தம்பி, பைப்பு ரொம்ப தூரம் போகுது. நடுவுல ஏழெட்டு வளைவு வேற. இங்க வந்து சேர்றதுக்குள்ள தண்ணி களைச்சிடும்."

எங்கள் வீட்டுப் பின்பக்கக் குளியலறையைப் பார்க்க வந்த பிளம்பர் அண்ணன் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அதற்கு முந்தைய வாரம்தான் பாய்பொருள் இயக்கவியல் தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கியிருந்தேன்.

"தண்ணி எப்படிண்ணே களைக்கும்? பைப்போட அகலம் கடைசி வரைக்கும் ஒன்னுதானே? முன்னால என்ன வேகமோ அதே வேகம்தான் பின்னாலயும்" என்றேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் கோபப்படவில்லை. "படிச்ச பிள்ளை, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. நான் சொன்னதிலும் ஒரு பகுதி சரி. ஆனால் அந்த அரைகுறைச் சரியால் என் அம்மா மேலும் இரண்டு வாரம் வாளி தூக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். எஸ்.பி.எம். இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது பயன்படும்.

பாட்டியின் குளியலறை

கிள்ளானில் எங்களுடையது ஒரு மாடியில்லா வரிசை வீடு. தண்ணீர்த் தொட்டி வீட்டின் முன்பகுதியில், கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பாட்டி எங்களோடு தங்க வந்தபோது, அவர் அதிக தூரம் நடக்காமல் இருக்கப் பின்பக்க அறையை ஒட்டி அப்பா ஒரு சிறு குளியலறை கட்டினார். முன்னாலிருக்கும் தொட்டியிலிருந்து அங்கே வரை அரை அங்குலக் குழாய் சுவரோரமாக ஓடுகிறது.

நாளடைவில் அந்தக் குழாயில் தண்ணீர் மெலிந்துகொண்டே வந்தது. பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்ட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருந்தால் அதற்குள் பாட்டிக்குக் குளிரெடுத்துவிடும். அதனால் அம்மா சமையலறைக் குழாயில் வாளியை நிரப்பிப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போவார். காலையில் மூன்று வாளி, மாலையில் மூன்று வாளி. "எனக்காக ஏம்மா இவ்வளவு கஷ்டப்படுற" என்று பாட்டி ஒவ்வொரு நாளும் கேட்பார்.

பிளம்பர் அண்ணன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குழாயைப் பெரிதாக மாற்றுவது. இரண்டு, சின்ன பம்பு ஒன்றைப் பொருத்துவது. எல்லாம் சேர்த்து 850 ரிங்கிட். அப்பா இரவுப் பணி செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளி. அடுத்த சம்பளத்தில் பம்பு வாங்கிவிடலாம் என்று நினைத்தார். நான்தான் தடுத்தேன். "பம்பு வேண்டாம்பா. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். தொட்டியில போதுமான உயரம் இருக்கு. டேப்புதான் பழுது."

நான் போட்ட கணக்கு

அந்தக் கணக்கு இதுதான். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ஒரு குழாய் வழியாக ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே பாய்வு வீதம். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பைத் தண்ணீரின் வேகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

பாய்வு வீதம் = பரப்பு × வேகம்

தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குளியலறைக் குழாய் வாய்க்கும் இடையே உயரம் 2 மீட்டர். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் எந்த வேகத்தை அடையுமோ, அதே வேகத்தில் தண்ணீரும் வெளியேறும் என்பது டாரிசெல்லியின் விதி. அதாவது 2 × 9.81 × 2 என்பதன் வர்க்கமூலம். விடை விநாடிக்கு 6.26 மீட்டர்.

அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் சுமார் 15 மில்லிமீட்டர். அதன் பரப்பு 0.000177 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 0.0011 கன மீட்டர், அதாவது 1.1 லிட்டர். நிமிடத்துக்கு 66 லிட்டர்.

66 லிட்டர்! இவ்வளவு வர வேண்டிய இடத்தில் தண்ணீர் மெலிந்து வருகிறது என்றால், தவறு டேப்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அப்பா 48 ரிங்கிட் கொடுத்துப் புது டேப் வாங்கி வந்தார். நானே மாற்றினேன். திறந்து பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மறுபடி வாளியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

விரிவுரையாளர் கேட்ட ஒரே கேள்வி

அடுத்த வாரம் பாடம் முடிந்ததும் விரிவுரையாளரிடம் தாளைக் காட்டினேன். பெருக்கலில் பிழை இருக்குமோ என்பதுதான் என் சந்தேகம். அவர் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "கணக்கு சரி. குழாயின் நீளம் எங்கே?" என்று கேட்டார்.

தாளில் நீளமே இல்லை. உயரம் இருந்தது, விட்டம் இருந்தது, நீளம் இல்லை. 18 மீட்டர் நீளக் குழாய்க்கும் தொட்டியின் பக்கவாட்டில் போட்ட வெறும் ஓட்டைக்கும் என் கணக்கில் வேறுபாடே கிடையாது.

பிறகு இன்னொன்றும் கேட்டார்: "உண்மையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்தாயா?"

அளக்கவில்லை. "மெலிந்து வருகிறது" என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே அளவு.

இப்படித் தடுமாறியது நான் மட்டும் அல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கி.பி. 97இல் ரோம் நகரின் நீர் விநியோகப் பொறுப்பை ஏற்ற ஃப்ரான்டினஸ், அந்நகரின் நீர்க்கால்வாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பயன்படுத்திய அளவுக்கு 'குயினேரியா' என்று பெயர். அது குழாயின் பரப்பைக் கொண்டு தண்ணீரைக் கணக்கிடும் அளவு. வேகத்தைத் தனியாக அளக்க அப்போது வழியில்லை. கால்வாய்க்குள் போகும் அளவும் நகரில் விநியோகிக்கப்படும் அளவும் அவருடைய கணக்கில் ஒத்துப்போகவில்லை. தண்ணீர்த் திருட்டும் நடந்தது. அதை அவர் கண்டுபிடித்தும் இருக்கிறார். ஆனால் பரப்பை மட்டும் வைத்துத் தண்ணீரை அளந்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

பரப்போடு வேகத்தையும் சேர்க்க வேண்டும் என்பதை 1628இல் தம் நூலில் தெளிவாக எழுதியவர் இத்தாலியின் பெனடெட்டோ காஸ்டெல்லி. அவர் கலிலியோவின் மாணவர். காஸ்டெல்லியிடம் பயின்ற டாரிசெல்லி 1644இல் உயரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். நீண்ட குழாய்க்குள் தண்ணீர் இழக்கும் ஆற்றலைக் கணக்கிட ஜெர்மனியின் வைஸ்பாக் 1845இல் ஒரு சமன்பாடு தந்தார். பிரான்ஸின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, பலவகைக் குழாய்களில் தாம் செய்த சோதனைகளை 1857இல் வெளியிட்டார். டாரிசெல்லியிலிருந்து டார்சிக்கு வர உலகத்துக்கு 200 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் 1644லேயே நின்றுவிட்டேன்.

வாளியும் கைப்பேசியும்

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்ததும் முதலில் அளந்தேன். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1.5 லிட்டர் போத்தலால் ஆறு முறை தண்ணீர் ஊற்றி, வாளியின் உட்புறத்தில் 9 லிட்டர் மட்டத்தில் ஒரு கோடு போட்டேன். கடையில் வாளியின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்பக்கூடாது. அது விளிம்பு வரை நிரப்பினால் கொள்ளும் அளவாக இருக்கலாம். தொட்டி நிரம்பியிருப்பதை உறுதி செய்துகொண்டு, வீட்டின் மற்ற குழாய்களை எல்லாம் மூடினேன். பிறகு டேப்பை முழுதாகத் திறந்து, கைப்பேசியில் நேரம் பார்த்தேன்.

முதல் முறை 88 விநாடி. இரண்டாம் முறை 92. மூன்றாம் முறை 90. சராசரி 90 விநாடி.

9 லிட்டரை 90 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 0.1 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர். என் கணக்குப்படி 8 விநாடியில் நிரம்பியிருக்க வேண்டிய வாளி அது.

இந்த வகுத்தல் கணக்கு நான் தமிழ்ப்பள்ளியில் படித்தது. கொள்ளளவு ஒரு பாடம், நேரம் ஒரு பாடம். இரண்டையும் தமிழிலேயே படித்திருந்தேன். பல்கலைக்கழகப் பாடத்தின் மேல் இருந்த மோகத்தில் அதை மறந்துபோனேன்.

2 மீட்டரில் மிஞ்சியது 4 சென்டிமீட்டர்

பிறகு கணக்கை மறுபடி போட்டேன். இந்த முறை அப்பா அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். குழாயின் நீளம் 18 மீட்டர். வழியில் எட்டு எல்போ, ஒரு வால்வு, கடைசியில் டேப்.

தண்ணீருக்குத் தொட்டி தரும் 2 மீட்டர் உயரத்தைக் கைச்செலவுப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரான குழாயில் உராய்வுக்கு ஒரு பங்கு செலவாகிறது. வளைவுகளிலும் வால்விலும் டேப்பிலும் இன்னொரு பங்கு. எல்லாச் செலவும் போக மிஞ்சுவதே வெளியேறும் வேகம்.

டார்சி-வைஸ்பாக் சமன்பாட்டில் குழாயின் நீளத்தை விட்டத்தால் வகுத்து, உராய்வுக் காரணியால் பெருக்க வேண்டும். எங்கள் குழாய்க்கு அந்தக் காரணி சுமார் 0.028. ஆகவே 0.028 × 18 ÷ 0.015 = 33.6. எல்போ, வால்வு, டேப் ஆகியவற்றுக்குப் பாடநூல் அட்டவணையைப் பார்த்துக் கூட்டினால் சுமார் 15. வெளியேறும் வேகத்துக்கு 1. மொத்தம் ஏறக்குறைய 50. டாரிசெல்லியின் கணக்கில் இருந்தது அந்தக் கடைசி 1 மட்டும்தான்!

இப்போது 2 × 9.81 × 2 என்பதை 50ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் விநாடிக்கு 0.886 மீட்டர். பாய்வு வீதம் நிமிடத்துக்கு 9.4 லிட்டர். உராய்வுக் காரணியும் வேகத்தைப் பொறுத்தே மாறும். அதனால் முதலில் ஒரு மதிப்பை ஊகித்துக் கணக்கிட்டு, கிடைத்த வேகத்தை வைத்து அந்த ஊகம் சரியா என்று திரும்பப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு சுற்றில் முடிந்தது.

2 மீட்டரில் நேரான குழாய் தின்றது சுமார் 1.35 மீட்டர். வளைவுகளும் வால்வும் டேப்பும் தின்றது சுமார் 60 சென்டிமீட்டர். வேகமாக மாறியது வெறும் 4 சென்டிமீட்டர்தான்.

"தண்ணி களைச்சிடும்" என்று அண்ணன் சொன்னது இதைத்தான். ஒரே அகலமுள்ள குழாயில் தண்ணீரின் வேகம் வழியில் குறையாது என்று நான் சொன்னதும் உண்மையே. குறைவது அழுத்தம். அந்த இழப்புக்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால்தான், தண்ணீர் தொடக்கத்திலிருந்தே மெதுவாக ஓடுகிறது. அவர் பல ஆண்டு கைப்பழக்கத்தில் அறிந்ததை ஒரு சொல்லில் சொன்னார். நான் அந்தச் சொல்லில் குற்றம் கண்டுபிடித்தேன். அதிலிருந்த பொருளைக் கவனிக்கவில்லை.

மிச்சமிருந்த இடைவெளி

கணக்கு 9.4 லிட்டர் என்கிறது. வாளி 6 லிட்டர் என்கிறது. பழைய நானாக இருந்தால், "ஏதோ கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று தாளை மடித்து வைத்திருப்பேன். ஆனால் உராய்வை எல்லாம் சேர்த்த பிறகும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் குறைகிறது என்றால், என் தாளில் இல்லாத ஏதோ ஒன்று அந்தக் குழாயில் இருக்கிறது என்றுதானே பொருள்?

அப்பாவும் நானும் தொட்டியிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே வந்தோம். துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்தியபோது வால்வு கண்ணில் பட்டது. அதன் கைப்பிடி பாதிக்கும் மேல் மூடிய நிலையில் திரும்பியிருந்தது. இயந்திரத்தை வைத்தபோது யாராவது திருகியிருக்கலாம், அல்லது இயந்திரமே இடித்துத் திருப்பியிருக்கலாம். யாருக்கும் நினைவில்லை. வால்வு முழுதாகத் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நான் அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்திருந்தேன்.

கைப்பிடி இறுகிப் போயிருந்தது. பலமாகத் திருப்பினால் உடைந்துவிடுமோ என்று பயந்து பிளம்பர் அண்ணனை அழைத்தோம். அவர் வந்து எண்ணெய் விட்டு, மெதுவாக அசைத்து அசைத்துத் திறந்துவிட்டார். மறுபடி வாளியை வைத்தேன். 61 விநாடி. நிமிடத்துக்கு 8.9 லிட்டர்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது சரி. நான்தான் தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். அவர் சிரித்தார். "நானும் அந்த மெஷின் பின்னால பார்க்கலியே தம்பி. பம்பு வச்சிருந்தா அது பாட்டுக்கு முக்கிக்கிட்டு ஓடியிருக்கும்" என்றார். என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்போவுக்கெல்லாம் தனித்தனியாகக் கணக்கு உண்டா என்று ஆர்வத்தோடு கேட்டார். இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து, குழாயை முக்கால் அங்குலமாக மாற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பரப்பு 1.8 மடங்குதான் கூடுகிறது. ஆனால் உராய்வும் குறைவதால் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது: நிமிடத்துக்குச் சுமார் 19 லிட்டர். "அதான் நான் எப்பவும் பெரிய பைப்பு போடுங்கன்னு சொல்றது" என்றார் அண்ணன்.

இப்போதைக்குப் பழைய குழாயே போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். பம்பு வாங்கவில்லை. டேப்புக்குக் கொடுத்த 48 ரிங்கிட் மட்டும் என் பாடக் கட்டணம்.

நீங்களும் செய்து பாருங்கள்

படிவம் 5 இயற்பியலில் பெர்னௌலியின் கோட்பாட்டைப் படிக்கும்போது இந்தச் சோதனையை உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். வாளியில் அளவுக் கோடு போடுங்கள், மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பிறகு பாய்வு வீதத்தைக் குழாயின் பரப்பால் வகுத்து வேகத்தைக் கண்டுபிடியுங்கள். அளந்த தண்ணீரை வாளியோடு விட்டுவிடாதீர்கள், செடிக்கு ஊற்றுங்கள்.

அலகுகளில் கவனம் தேவை. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். விநாடிக் கணக்கை நிமிடமாக்க 60ஆல் பெருக்க வேண்டும். விட்டத்தை மில்லிமீட்டரிலிருந்து மீட்டருக்கு மாற்றிய பிறகே வர்க்கப்படுத்துங்கள். வர்க்கப்படுத்திய பிறகு 1,000ஆல் வகுத்தால் விடை 1,000 மடங்கு பிசகும். விட்டத்துக்குப் பதிலாக ஆரத்தைப் போட்டுவிடும் பிழையும் தேர்வுகளில் அடிக்கடி நடக்கும், நானும் செய்திருக்கிறேன்.

சூத்திரத்தில் வந்த எண்ணும் வாளியில் வந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், எதையும் அழித்துவிட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, நடுவில் இருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். 66க்கும் 9.4க்கும் நடுவில் எனக்கு டார்சி கிடைத்தார். 9.4க்கும் 6க்கும் நடுவில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒரு வால்வு கிடைத்தது.

கடந்த வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றபோது வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. "இன்னிக்கு என்னடி, தண்ணி இவ்ளோ வேகமா வருது?" என்று பாட்டி கேட்டார். அவருக்கு இன்னும் அது புதிதாகவே இருக்கிறது. அம்மா சொன்னார்: "உங்க பேரன் கணக்குப் போட்டான். முதல்ல தப்பா, அப்புறம் சரியா."